விடாத யோசனை: மனச்சோர்விலும் பார்டர்லைனிலும்

"யோசனை ஜாஸ்தியாயிடுச்சு டாக்டர்." பெங்களூரில் மனநல மருத்துவர் முன்னால் உட்காரும் தமிழர் பலர் பேச்சை இப்படித்தான் தொடங்குவார்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ஆபீஸில் கவனம் நிற்கவில்லை என்பதெல்லாம் அதன் பின்னால்தான் வரும். வேடிக்கை என்னவென்றால், வந்தவர் முதலில் சொல்லும் இந்த விஷயம் மருத்துவரின் பட்டியலில் இல்லை. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேட்டில் மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகள். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுக்கும் 9. முன்னதில் குற்றவுணர்வு உண்டு, சாவைப் பற்றிய நினைப்பு உண்டு. பின்னதில் கைவிடப்படுவோமோ என்ற பதற்றம், நிலையில்லாத உறவுகள், அடங்காத கோபம், வெறுமை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளுதல் எல்லாம் உண்டு. நினைத்ததையே நினைத்து மாய்வது என்று இரண்டிலும் ஒரு வரிகூடக் கிடையாது.

பட்டியலில் இடம் கிடைக்காவிட்டாலும், இரண்டு நோய்களையும் உள்ளிருந்து ஓட்டுவதில் அதற்குப் பெரும் பங்கு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். அப்படியானால் இரண்டிலும் இருப்பது ஒரே யோசனைதானா? என் கணிப்பு, இல்லை என்பது. மனச்சோர்வின் யோசனை தன்னைச் சுற்றுகிறது, ஆறிப்போய்ச் சுற்றுகிறது, முடிவதே இல்லை. பார்டர்லைனின் யோசனை இன்னொருவரைச் சுற்றுகிறது, கொதித்துக்கொண்டே சுற்றுகிறது, உடம்பில் போய் முடிகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் குடும்பமும் மருத்துவமனையும் ஒன்றுக்கு உரிய பதிலை மற்றதற்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். நிஜத்தில் எந்த ஒருவரையும் குறிக்காதவர்கள். ஆனால் இந்த ஊரில் இவர்களைப் போலப் பலர் உண்டு.

அல்சூரில் குடியிருக்கும் 52 வயதுக்காரர். கம்பெனியில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். விடிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. வி.ஆர்.எஸ். வாங்கியிருக்கக் கூடாது. கோலாரில் இருந்த மனையை விற்றிருக்கக் கூடாது. பையனை அந்தக் காலேஜில் சேர்த்திருக்கக் கூடாது. நான் எப்போதுமே இப்படித்தான், ஏன் இப்படி இருக்கிறேன்? "என்னங்க, இருட்டுல உக்காந்து என்ன யோசிக்கிறீங்க?" என்று மனைவி கேட்டால் "ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்பார். மறுநாள் நான்கு மணிக்கும் அதே மனை, அதே காலேஜ். எதுவும் நடந்துவிடாது. எதுவும் நடக்காததாலேயே யாரும் கவலைப்படவும் மாட்டார்கள்.

தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண். பி.டி.எம். லேஅவுட்டில் பி.ஜி. வாசம். இரவு ஒன்பதரைக்குத் தன் நண்பனுக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை. வேலையாக இருப்பான். இல்லை, ஆன்லைனில்தான் இருக்கிறான். யாரோடு பேசுகிறான்? போன மாதம் அவன் அனுப்பியதையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படிக்கிறாள். அப்போதே மாறிவிட்டிருக்கிறான், இவள்தான் கவனிக்கவில்லை. கூப்பிடுகிறாள், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத் தோழியும் இப்படித்தான் விட்டுப்போனாள், அப்பாவும் இப்படித்தான். இத்தனை தடவை கூப்பிட்டோமே என்று தன் மேலேயே அருவருப்பு. இதற்கு நடுவில் ஊரிலிருந்து அம்மா: "என்னடி, சாப்டியா?" "வைம்மா போனை!" பதினொன்றரை மணிக்கு அது யோசனையாகவே இல்லை, நெஞ்சில் ஏறி நிற்கிற நெருப்பு. ஏதாவது செய்து அதை நிறுத்தியாக வேண்டும். அவள் தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறாள். காலையில் அவனிடமிருந்து பதில் வருகிறது: தூங்கிட்டேன்.

இருவரிடமும் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்க்கலாம். தாமஸ் ஏரிங், எட்வர்ட் வாட்கின்ஸ் ஆகிய இரு உளவியலாளர்கள் 2008-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: கவலை, பழையதைக் கிளறுவது, வஞ்சத்தை அசைபோடுவது என்று நோய்க்கு நோய் தனிப்பெயர் வைத்திருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே மனச்செயல்தான். திரும்பத் திரும்ப வருகிறது, தானாக வருகிறது, விலக்க முடியவில்லை, ஒரு முடிவும் தரவில்லை. 2011-இல் ஏரிங்கும் மற்றவர்களும் இதை அளக்க 15 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாநிரலை வெளியிட்டார்கள். யோசனையின் பொருள் என்ன என்று அது கேட்காது, வேண்டுமென்றேதான் கேட்காது. அல்சூர்க்காரரும் பி.டி.எம். பெண்ணும் அதில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கக்கூடும். எண்ணிக்கைக்கும் ஆராய்ச்சிக்கும் நல்ல கருவி. இரவு பதினொன்றரைக்கு என்ன செய்வது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

மனச்சோர்வுப் பக்கத்தில் நமக்கு அறிவு அதிகம். அதற்கு முதன்மையான காரணம் சூசன் நோலன்-ஹோக்ஸிமா. 1980-களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தார். துக்கம் வந்தால் சிலர் எழுந்து வேறு வேலை பார்க்கிறார்கள், சிலர் 'எனக்கு ஏன் இப்படி' என்று அந்தத் துக்கத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறார்கள், இரண்டாம் வகையினருக்குத்தான் சோர்வு நீள்கிறது என்பது அவர் வாதம். அதைச் சோதிக்க இயற்கையே ஒரு வாய்ப்புக் கொடுத்தது, கொடூரமான வாய்ப்பு. மாணவர்களிடம் அவர் கேள்வித்தாள் நிரப்பி வாங்கிய இரண்டு வாரத்தில், 1989 அக்டோபர் 17 அன்று, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை லோமா பிரீட்டா நிலநடுக்கம் உலுக்கியது. பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அதே மாணவர்களை மீண்டும் அளந்தார். நடுக்கத்துக்கு முன்பே நினைத்ததையே நினைத்து உழற்றும் பழக்கம் உடையவர்களாக இருந்தவர்களிடம் சோர்வு கூடுதலாக இருந்தது. முன்பிருந்த சோர்வைக் கழித்துப் பார்த்தபோதும் அப்படியே. 2003-இல் இந்தப் பழக்கத்தையே அவரும் சக ஆய்வாளர்களும் இரண்டாகப் பிரித்தார்கள்: தன்னைக் கரித்துக்கொட்டியபடி மருகுவது ஒன்று, நடந்தது என்னவென்று புரிந்துகொள்ளப் பார்ப்பது மற்றொன்று. மோசமானது முதலாவதுதான்.

மருகுகிறவருக்கு அது மருகலாகத் தெரியாது என்பது இதில் உள்ள சிக்கல். பிரச்சினைக்கு வழி தேடிக்கொண்டிருப்பதாகவே நினைப்பார். செக்குமாடு நாளெல்லாம் நடக்கிறது. நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அல்சூர்க்காரரிடம் "யோசிக்காதீங்க" என்றால் அவருக்குக் கோபம்தான் வரும், யோசிக்காமல் இருந்ததால்தானே மனையை இழந்தோம் என்று.

பார்டர்லைன் பக்கம் ஆராய்ச்சி பிந்தித்தான் வந்தது. அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1938-இல் 'எல்லைக்கோட்டுக் குழு' என்று எழுதினார். நியூரோசிஸ் என்றும் சொல்ல முடியாமல் மனப்பிறழ்வு என்றும் சொல்ல முடியாமல் நடுவில் நின்றவர்கள். கையேட்டுக்குள் நோயாக நுழைந்தது 1980-இல். அதன்பின் நெடுநாள் உறவுகளைப் பற்றியும் குழந்தைப் பருவத்தைப் பற்றியும் பேசினார்களே ஒழிய, அந்த ஒன்பதரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று நிமிடம் நிமிடமாகப் பார்த்தவர் குறைவு. 2008-இல் எட்வர்ட் செல்பி, தாமஸ் ஜாய்னர் குழுவினர் அதை விளக்க முயன்றார்கள். அவர்கள் விளக்கம் இது: சிறிய வருத்தம் ஒன்று வருகிறது. அதை உழற்றத் தொடங்குகிறார். உழற்ற உழற்ற வருத்தம் பெருகுகிறது. பெருகிய வருத்தம் கவனத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் உழற்றலும் பெருகுகிறது. ஒன்றை ஒன்று ஏற்றிவிட்டு அருவிபோல் கொட்டும் கட்டத்தில், மென்மையான கவனச்சிதறல் எதுவும் எடுபடாது. பாட்டுக் கேட்பதும் நடந்துவிட்டு வருவதும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா. உடம்பைத் தாக்கும் பலமான ஓர் உணர்வுதான் கவனத்தை யோசனையிலிருந்து பிடுங்கி எடுக்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, கண்மண் தெரியாமல் குடிப்பது, வயிறு வெடிக்கத் தின்பது ஆகியவை எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன என்பது அவர்கள் வாதம். சில நிமிட அமைதி கிடைக்கிறது. கிடைப்பதால் அது பழக்கமாகிறது. பிறகு அதற்காக வெட்கம் வருகிறது. அந்த வெட்கமே அடுத்த இரவின் யோசனைக்கு விறகு.

இந்த விளக்கத்தில் எனக்குப் பிடித்தது, 'நடிக்கிறாள்' என்ற பேச்சுக்கு அது இடமே வைக்கவில்லை என்பது. பி.ஜி. அறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒருத்தி செய்வது யாருக்கான நடிப்பு? ஆனாலும் வீட்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் அந்தச் சொல்தான் முதலில் வந்து விழுகிறது. அல்சூர்க்காரருக்குப் 'பாவம், மனுஷன் ஒடுங்கிப்போயிட்டார்' என்ற அனுதாபம் உண்டு. இவளுக்குக் கிடைப்பது 'இவளுக்கு இதே வேலை'.

யோசனையின் பொருளிலும் வித்தியாசம் இருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ரூத் பேரும் ஷானன் சாவரும் 2011-இல் மாணவர்களிடம் இரண்டு வகை உழற்றலையும் அளந்து பார்த்தார்கள்: சோகத்தை உழற்றுவது, கோபத்தை உழற்றுவது. பார்டர்லைன் தன்மைகளோடு இரண்டுக்கும் தொடர்பு இருந்தது. கூடுதல் நெருக்கமான தொடர்பு கோபத்தோடு. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பது ஒரு யோசனை. 'அவன் எனக்கு இப்படிச் செய்யலாமா' என்பது வேறு யோசனை. முதலாவதில் எதிரே யாரும் இல்லை. இரண்டாவதில் எதிரே ஓர் ஆள் இருக்கிறான், அவன் கையில் போன் இருக்கிறது. யோசனை யோசனையாகவே நிற்காமல் அழைப்பாக, வசையாக, கெஞ்சலாக வெளியே போகிறது. அந்த ஆள் மெய்யாகவே சலித்து விலகுகிறான். பயந்தது நடந்துவிடுகிறது. இவர்களுடைய யோசனையைப் 'பொய்யான எண்ணம்' என்று ஒதுக்குவது அதனால்தான் எடுபடுவதில்லை. அதில் ஒரு பகுதி பழைய உண்மை, இன்னொரு பகுதி அவர்களே உண்டாக்கிய புதிய உண்மை.

இங்கே ஒரு தடங்கலைச் சொல்ல வேண்டும். இரண்டையும் இவ்வளவு நேராகப் பிரித்து வைப்பது எழுதுகிறவருக்குத்தான் வசதி. பார்டர்லைன் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்வில் ஏதேனும் ஒரு கட்டத்தில் மனச்சோர்வும் வருகிறது. பி.டி.எம். பெண்ணுக்கும் விடிகாலை நான்கு மணி யோசனை உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதித் தருகிறார்கள், அந்தப் பகுதி கொஞ்சம் தணிகிறது, இரவு பதினொன்றரை மட்டும் அப்படியே இருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிக்கொண்டே போகிறார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்தக் கோளாறுக்கென்றே மருந்து கொடுப்பதைத் தவிர்க்கச் சொன்னது. கூடவே வரும் மற்ற நோய்களுக்கு மட்டும் கொடுக்கலாம்.

சரி, மருந்தல்லாத வழிகள்? வாட்கின்ஸ் இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வுக்காரர்களுக்கென உருவாக்கிய முறை, யோசனையை நிறுத்தச் சொல்வதில்லை; அதன் தினுசை மாற்றச் சொல்கிறது. 'ஏன்' என்று கேட்டால் மனம் பொதுப்படையாகப் போய் 'ஏனென்றால் நான் அப்படிப்பட்டவன்' என்று முடிக்கும். 'எப்படி' என்று கேட்டால் தேதி வேண்டும், இடம் வேண்டும், யார் என்ன சொன்னார் என்பது வேண்டும். மனையை விற்ற அன்று எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், கையில் எவ்வளவு கடன் இருந்தது, வேறு யாரிடம் கேட்டீர்கள் என்று இறங்கினால், முட்டாள்தனம் என்று முத்திரை குத்திவைத்திருந்தது வேறு வழியில்லாமல் எடுத்த முடிவாகத் தெரியக்கூடும். பொறுமை தேவைப்படும் வேலை. நான்கு மணி விழிப்புக்காரருக்கு நேரம் இருக்கிறது.

பதினொன்றரை மணிக்காரிக்கு நேரம் இல்லை. கொட்டுகிற அருவிக்கு அடியில் நிற்பவளிடம் போய் 'எப்படி நடந்தது, ஒவ்வொன்றாகச் சொல்' என்று கேட்க முடியாது. கண்ணை மூடி மூச்சைக் கவனி என்பதும் அந்த நிமிடத்தில் ஆபத்தான அறிவுரைதான் என்று நினைக்கிறேன். கண்ணை மூடினால் உள்ளே இருப்பது அந்த யோசனை மட்டுமே. மார்ஷா லைனஹான் உருவாக்கிய இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, அதாவது டி.பி.டி., இந்த இடத்தில் யோசனையைத் தொடுவதே இல்லை. முதலில் உடம்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தச் சொல்கிறது. நீரில் மூழ்கும் பாலூட்டிகளுக்கு உள்ள அனிச்சைச் செயலால் நாடித்துடிப்பு இறங்கும். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அல்லது மூச்சு வாங்க ஓடு, மாடிப்படி ஏறு. செல்பி சொன்ன அதே பலமான உடலுணர்வு, காயம் இல்லாமல். வேகம் தணிந்த பிறகு, மறுநாளோ அந்த வாரத்திலோ, சிகிச்சையாளரோடு உட்கார்ந்து ஒன்பதரையிலிருந்து கண்ணி கண்ணியாக அந்த இரவைப் பிரித்துப் பார்க்கிறார்கள். எந்தச் செய்தி, எந்த நினைப்பு, உடம்பில் எங்கே என்ன, அடுத்து என்ன? கவனித்தால் இது வாட்கின்ஸின் 'எப்படி'தான். இரண்டு சிகிச்சைகளும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கின்றன, ஒன்று உடனே, மற்றது ஒரு ராத்திரி தாமதித்து.

லைனஹானுக்கு இது புத்தகத்தில் படித்த விஷயமல்ல. 1961-இல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் லிவிங் என்ற மனநல மருத்துவமனையில், தன்னைக் காயப்படுத்திக்கொண்ட நோயாளியாக அவரே அடைக்கப்பட்டிருந்தார். அரை நூற்றாண்டு கழித்து, 2011-இல், அதே இடத்தில் நின்று அதை வெளியே சொன்னார்.

இதையெல்லாம் பெங்களூரின் ஓசூர் ரோட்டுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது? 1847-இல் பெங்களூர்ப் பேட்டையில் தொடங்கிய பைத்தியக்கார விடுதியின் வழித்தோன்றல்தான் 1974-இல் உருவான நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை. ஓசூர், கிருஷ்ணகிரி, அனந்தபூர் என்று பக்கத்து மாநிலங்களின் ஆட்கள் ராத்திரி பஸ் பிடித்து வந்து காலையில் சீட்டுக்கு நிற்கிறார்கள். டி.பி.டி.யின் முழு வடிவம் வாரம் ஒரு தனி அமர்வு, வாரம் ஒரு குழுப் பயிற்சி, நடுவில் நெருக்கடி வந்தால் சிகிச்சையாளருக்குத் தொலைபேசி, சிகிச்சையாளர்களுக்கே ஒரு ஆலோசனைக் குழு என்று ஓராண்டு போகும். நகரத்தின் ஐ.டி. பகுதிகளில் ஆங்கிலத்தில், கட்டணத்துக்கு, இதன் துண்டுகள் கிடைக்கும். தருமபுரித் தமிழில் அதைக் கேட்கிறவள் எங்கே போவது?

எண்ணிக்கையிலும் ஒரு பக்கம் இருட்டு. நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16-இல் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று, முன்னோட்டம் கோலாரில். வாழ்நாளில் மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் இருபதில் ஒருவர், அவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்று அது சொன்னது. அல்சூர்க்காரர் அந்தக் கணக்கில் இருக்கிறார். பார்டர்லைனுக்கு அதில் தனி எண் இல்லை.

ஒன்று மட்டும் நம் பக்கம் அமெரிக்காவைவிடச் சாதகம் என்று நினைக்கிறேன்: குடும்பம் கூடவே வருகிறது. நிம்ஹான்ஸில் குடும்ப மனநல மையம் என்றே தனிப்பிரிவு உண்டு. லைனஹானின் கோட்பாட்டில், பிறவியிலேயே உணர்ச்சி வேகம் கூடிய குழந்தையிடம் 'இதுக்கெல்லாமா அழுவாங்க' என்று சொல்லிச் சொல்லி அதன் உணர்ச்சியைச் செல்லாக்காசாக்கும் சூழல்தான் பாதிக் காரணம். அந்த வாக்கியத்தைச் சொல்லாத வீடு நம்மிடம் எது? ஆனால் சொன்ன அம்மாவே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதால், அவருக்கே வேறொரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து காயத்தை மறைக்கும் வீடுகளுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது: 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ளச் சொல்கிறது. நள்ளிரவில் கூப்பிட 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ். அதன் தலைமை மையம் நிம்ஹான்ஸ்தான், தமிழிலும் பேசுவார்கள்.

இனி, பார்டர்லைன் காலப்போக்கில் என்ன ஆகிறது என்பது. மேரி சனாரினி, பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் 290 பார்டர்லைன் நோயாளிகளை 1992 முதல் பின்தொடர்ந்தார். பத்தாண்டில் 93 சதவீதம் பேர் குறைந்தது இரண்டு ஆண்டுகளேனும் நோய்க்குறிகள் தணிந்து இருந்தார்கள். மாறவே மாறாத ஆளுமை என்று கைகழுவியவர்களுக்கு இது அதிர்ச்சி. ஆனால் எல்லாக் குறிகளும் ஒரே வேகத்தில் போகவில்லை. தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் தற்கொலை முயற்சிகளும் முதலில் குறைந்தன. கோபமும் வெறுமையும் கைவிடப்படும் பயமும் நெடுங்காலம் தங்கின. 1991-இல் லைனஹான் வெளியிட்ட முதல் சோதனையிலும் இதே சாயல்: டி.பி.டி. பெற்ற பெண்களிடம் தற்கொலை நோக்கிய செயல்கள் குறைந்தன; ஆனால் சோர்விலும் நம்பிக்கையின்மையிலும் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, கை ஓய்ந்த பிறகும் யோசனை ஓயவில்லை என்பது. முப்பத்தைந்து வயதில் அந்த பி.டி.எம். பெண் இரவு பதினொன்றரைக்கு எதுவும் செய்துகொள்வதில்லை. விடிகாலை நான்கு மணிக்கு விழித்துக்கொண்டு, அவனை அத்தனை தடவை கூப்பிட்டிருக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். வாட்கின்ஸின் முறை அவளுக்குப் பொருந்தத் தொடங்குவது அப்போதுதான். காயம் ஏதும் இல்லாததால் அவளுடைய கோப்பு மருத்துவமனையில் மூடப்பட்டு வெகுநாள் ஆகியிருக்கும்.